பார்சலுக்கும் டிப்ஸ் வைக்கணுமா?

டவுன்ஹால் ரோட்டில் குடும்பத்தோடு சாப்பிட்டுவிட்டு, வீட்டில் இருக்கும் அப்பத்தாவுக்கு இட்லி, தம்பிக்கு ரெண்டு செட் பரோட்டா என்று பார்சலும் சொல்வோம். பில் ஒன்றாகத்தான் வரும். அதற்காக மொத்தத் தொகையைப் பார்த்து டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை. மேஜையில் சாப்பிட்டது 600 ரூபாய், பார்சல் 400 ரூபாய் என்றால், அந்த 600-க்கு முப்பதோ ஐம்பதோ வைத்தால் போதும். நம்ம ஊரில் சதவீதக் கணக்கெல்லாம் யாரும் பார்ப்பதில்லை.

பார்சலைக் கவுன்டரில் வாங்கினால் ஒன்றும் வேண்டாம். ஆனால் பரிமாறியவரே உள்ளே போய், சால்னா வழியாமல் இறுக்கிக் கட்டி, சட்னி எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து மேஜைக்கே கொண்டுவந்தால், கூடுதலாகப் பத்து இருபது கொடுப்பதுதான் முறை. அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஜிபேயில் பில்லோடு சேர்த்து அனுப்பினால் அது முதலாளி கணக்குக்குத்தான் போகும். சில்லறை நோட்டு வைத்திருப்பது நல்லது.

அப்புறம், சில பெரிய ஓட்டல் பில்லில் சர்வீஸ் சார்ஜ் இருக்கும். அது கட்டாயமில்லை என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. எடுக்கச் சொல்லலாம், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யலாம். ஜிஎஸ்டி வேறு, அது பார்சலுக்கும் உண்டு.