‘உங்கள் அனுபவத்தை மேம்படுத்த’ என்று மெயில் வந்தால் என்ன செய்வது?

ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சில வருடங்கள் நான் பார்த்த வேலை, வாடிக்கையாளர்களுக்குப் போகும் அறிவிப்பு மெயில்களை எழுதுவது. விலையேற்றம், சேவை நிறுத்தம், விதிமுறை மாற்றம், எப்போதாவது ‘ஒரு சிறு பாதுகாப்புச் சம்பவம்’. நல்ல செய்திகளை எழுத வேறொருவர் இருந்தார். அவருக்கு வேலை குறைவு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த மெயில்களைக் கீழேயிருந்து மேலே வாசியுங்கள்.

காரணம், மெயில் உருவாகும் விதம். எஞ்சினியர் அனுப்பும் முதல் வரைவு இப்படி இருக்கும்: “அக்டோபர் 30 அன்று சர்வரை அணைக்கிறோம். அதற்குள் டவுன்லோட் செய்யாத ஃபைல்கள் அழிந்துவிடும்.” இரண்டே வரி, விஷயம் முடிந்தது. ஆனால் அப்படியே அனுப்ப விடமாட்டார்கள். மார்க்கெட்டிங் ஆள் தலையில் ஒரு பத்தி வைப்பார்: “இத்தனை ஆண்டுகள் எங்களோடு பயணித்ததற்கு நன்றி.” பிராடக்ட் மேனேஜர் இரண்டாம் பத்தியில் சம்பந்தமில்லாத புதிய சேவை ஒன்றைப் புகழ்வார். வக்கீல் ‘அழிந்துவிடும்’ என்பதை ‘அணுக இயலாமல் போகலாம்’ என்று திருத்துவார். கடைசி நேரத்தில் யாராவது வந்து, தேதியைத் தடித்த எழுத்தில் போடாதீர்கள், பயமுறுத்துகிற மாதிரி இருக்கிறது என்பார். இத்தனைக்கும் பிறகு எஞ்சினியரின் இரண்டு வரி நான்காவது பத்தியில், நீளமான ஒரு வாக்கியத்தின் நடுவில், ‘இந்த மாற்றத்தின் ஒரு பகுதியாக’ என்பதற்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

அதை மொத்தமாக எடுத்துவிட வக்கீல் சம்மதிக்கமாட்டார். நாளை வழக்கு என்று வந்தால் ‘சொல்லியிருந்தோமே’ என்று காட்ட வேண்டும். அந்த மெயிலை எழுதியவர்களில் உங்களுக்கு உபகாரம் செய்தவர் அவர் ஒருவர்தான், அதுவும் தெரியாமல்.

ஆகவே முதலில் எண்களைத் தேடுங்கள்: தேதி, தொகை, எத்தனை நாள் கெடு. அப்புறம் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். எனக்கு என்ன போகிறது, எந்தத் தேதியில், அதற்குள் நான் என்ன செய்யலாம். மூன்றும் கிடைத்துவிட்டால் மெயிலை மூடிவிடலாம். ஒன்றுகூடக் கிடைக்கவில்லையென்றால் அது வெறும் விளம்பரம், யோசிக்காமல் அழித்துவிடலாம்.

தகவல் திருட்டு என்றால்

இந்த வகை மெயிலில் யாரும் எதையும் செய்திருக்கமாட்டார்கள். ‘சில தரவுகள் அணுகப்பட்டிருக்கலாம்’ என்று இருக்கும். யார் கதவைத் திறந்துபோட்டது என்ற பேச்சே வராது. அடுத்த வரி எனக்கு மனப்பாடம்: ‘தகவல்கள் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கான ஆதாரம் எதுவும் இல்லை.’ ஆதாரம் இல்லாமல் போக இரண்டு வழி உண்டு. எதுவும் நடக்காமல் இருந்திருக்கலாம். அல்லது, வந்துபோனவர்களைப் பதிவு செய்யும் வசதியையே யாரும் வைக்காமல் இருந்திருக்கலாம். மெயிலில் இரண்டும் ஒரே வாக்கியமாகத்தான் வரும்.

எண்ணிக்கையையும் அப்படியே நம்பாதீர்கள், அது குறைந்தபட்சக் கணக்குதான். 2013-இல் நடந்த திருட்டைப் பற்றி யாஹூ 2016 டிசம்பரில் வாய் திறந்தபோது 100 கோடிக் கணக்குகள் என்றது. 2017 அக்டோபரில் அது 300 கோடி ஆனது, அதாவது அன்று அவர்களிடம் இருந்த அத்தனை கணக்குகளும். லிங்க்டினில் 2012-இல் திருடு போனது 65 லட்சம் பாஸ்வேர்டு என்று முதலில் பேசப்பட்டது. நான்கு வருடம் கழித்து 11.7 கோடி என்று தெரியவந்தது. ஊபர் இன்னும் ஒரு படி மேல். 5.7 கோடிப் பேரின் தகவல் 2016-இல் போனது, திருடியவர்களுக்கே 1 லட்சம் டாலர் கொடுத்து விஷயத்தை அமுக்கினார்கள். 2017 நவம்பரில், தலைமை மாறிய பிறகுதான் உலகத்துக்குச் சொன்னார்கள்.

அதனால் ‘பாதிக்கப்பட்டவர்கள் ஒரு சிறு பகுதியினரே’ என்று படித்ததும், அந்தச் சிறு பகுதியில் முதல் ஆள் நீங்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டை வேறெங்கே போட்டிருக்கிறீர்களோ அங்கும் மாற்றுங்கள், அதுதான் முக்கியம். திருடர்கள் முதலில் செய்வதே அதை மற்ற கதவுகளில் போட்டுப் பார்ப்பதுதான். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போடும்போது முடிந்தால் போன் நம்பரைக் கொடுக்காமல், நுழைவுக் குறியீட்டை போனிலேயே உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் செயலியைப் பயன்படுத்துங்கள். பாதுகாப்புக்காக என்று வாங்கிய போன் நம்பர்களையும் மெயில் முகவரிகளையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காக 2022-இல் ட்விட்டர் 15 கோடி டாலர் அபராதம் கட்டியது.

ஆறுதல் பரிசாக, உங்கள் பெயரில் வேறு யாராவது கடன் வாங்குகிறார்களா என்று பார்க்கும் ‘இலவசக் கண்காணிப்புச் சேவை’ தருவார்கள். அதையும் படித்துவிட்டுச் சேருங்கள். 2017-இல் எக்விஃபேக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனத்திலிருந்து 14 கோடிப் பேருக்கு மேல் விவரம் போனது. அவர்கள் கொடுத்த இலவசச் சேவையின் விதிகளில், நீதிமன்றம் போகமாட்டேன், தனி நடுவரிடம்தான் போவேன் என்ற ஷரத்து இருந்தது. வீட்டைக் கோட்டைவிட்ட காவலாளி, மன்னிப்பு கேட்க வந்த இடத்தில் பத்திரத்தில் கைநாட்டு வாங்குவது மாதிரி. ஊர் சத்தம் போட்ட பிறகு அந்த ஷரத்தை எடுத்தார்கள்.

விதிமுறை மாறுகிறது என்றால்

முழுவதையும் படியுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு சராசரி அமெரிக்கர் ஒரு வருடத்தில் பார்க்கும் இணையதளங்களின் தனியுரிமைக் கொள்கைகளை எல்லாம் படிக்க 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று 2008-இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணக்குப் போட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் கொள்கைகள் ஒன்றும் இளைத்துவிடவில்லை.

மாறிய வரிகளை மட்டும் படித்தால் போதும். இன்டர்நெட் ஆர்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் அந்த விதிமுறைப் பக்கத்தின் முகவரியைப் போடுங்கள். பழைய தேதி ஒன்றைத் தட்டினால் அன்றைய நகல் வரும். பழையதையும் புதியதையும் இரண்டு உரைகளை ஒப்பிட்டுக் காட்டும் ஏதாவது ஒரு இலவசக் கருவியில் ஒட்டினால், மாறிய இடங்கள் நிறம் மாறித் தெரியும். பக்கம் பக்கமாக இருக்கும் விதிமுறையில் பெரும்பாலும் நாலைந்து பத்திதான் மாறியிருக்கும். அதிலும் நேரமில்லை என்றால் சில சொற்களை மட்டும் தேடுங்கள்: ‘லைசென்ஸ்’, ‘அஃபிலியேட்ஸ்’, ‘ஆர்பிட்ரேஷன்’, இப்போது புதிதாக ‘டிரெயின்’, அதாவது செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுப்பது. லைசென்ஸ் வரும் இடத்தில் நீங்கள் ஏற்றியதை வைத்து அவர்கள் என்னென்ன செய்யலாம் என்றிருக்கும். அஃபிலியேட்ஸ் வரும் இடத்தில் யார் யாருக்குக் கைமாறும் என்றிருக்கும். ஆர்பிட்ரேஷன்தான் மேலே சொன்ன நடுவர் விவகாரம். சில நிறுவனங்களின் விதியில், 30 நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் அதிலிருந்து விலகலாம் என்ற வரி உள்ளே எங்கேயோ இருக்கும். தேடினால் கிடைக்கும், தேடுபவர்கள்தான் குறைவு.

இதனால் என்ன ஆகப்போகிறது என்று கேட்காதீர்கள். ஜூம் 2023-இல் விதிமுறையை மாற்றி, வாடிக்கையாளர்களின் பேச்சையும் காட்சியையும் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்க எடுத்துக்கொள்ளலாம் என்று பொருள்படும்படி எழுதியது. சில மாதம் யாரும் கவனிக்கவில்லை. ஆகஸ்டில் சிலர் அந்த வரிகளை எடுத்துக் காட்டினார்கள். ஒரே வாரத்துக்குள் நிறுவனம் இரண்டு முறை திருத்தி, அப்படிச் செய்யமாட்டோம் என்று எழுதிவிட்டது. அதே வருடம் செப்டம்பரில், வீடியோ கேம் உருவாக்கும் மென்பொருளைத் தரும் யூனிட்டி நிறுவனம், தன் கருவியில் செய்த விளையாட்டுகளுக்கு ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று அறிவித்தது. நீங்கள் பயன்படுத்தும் பதிப்புக்குப் பழைய விதியே தொடரலாம் என்று அவர்களே முன்பு எழுதிக்கொடுத்திருந்ததை, பழைய நகல்களைத் தோண்டியெடுத்து நிரூபணமாக வைத்தார்கள் விளையாட்டு செய்பவர்கள். ஒரு வருடம் கழித்துக் கட்டணம் ரத்தானது. எனவே, காசு கட்டிச் சேரும் எந்தச் சேவைக்கும் சேருகிற அன்றே விதிமுறைப் பக்கத்தைப் பிடிஎஃப் ஆக இறக்கி வைத்துவிடுங்கள். அரை நிமிட வேலை.

பொருளே இணையத்தில் தொங்கினால்

இணைய இணைப்பு கேட்கும் எந்தச் சாதனத்தையும் வாங்கிய முதல் வாரமே, திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், ஒரு மாலை முழுக்க வைஃபையை அணைத்துவிட்டுப் பயன்படுத்திப் பாருங்கள். எது வேலை செய்கிறதோ அது உங்களுடையது. எது நின்றுபோகிறதோ அது நிறுவனத்தின் தயவு.

மிகைப்படுத்தவில்லை. ரிவால்வ் என்று வீட்டுச் சாதனங்களை இணைக்கும் ஒரு பெட்டி ஏறக்குறைய 300 டாலருக்கு விற்றது. 2014-இல் கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை அணைத்ததும் பெட்டி வெறும் பிளாஸ்டிக் ஆனது. காரில் வைத்துக்கொள்ள ஸ்பாட்டிஃபை விற்ற கார் திங் என்ற கருவியை 2024 டிசம்பர் 9 அன்று அதே நிறுவனம் செயலிழக்க வைத்தது. உடையவில்லை, பழுதில்லை, அவ்வளவுதான் என்று முடிவெடுத்தார்கள். 2016 செப்டம்பரில் எச்பி பிரிண்டர்கள் பல, நேற்று வரை ஏற்றுக்கொண்ட வேறு கம்பெனி மை டப்பாக்களை ஒரே நாளில் நிராகரித்தன.

டிஜிட்டல் புத்தகமும் படமும் விளையாட்டும் இதே கதைதான். யூபிசாஃப்ட் என்ற வீடியோ கேம் நிறுவனம் 2024 மார்ச் 31-இல் சர்வரை மூடியதும், தி க்ரூ என்ற கார் பந்தய விளையாட்டைக் காசு கொடுத்து வைத்திருந்தவர்களாலும் ஆட முடியவில்லை. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் இருக்கிறது: இப்படித் திரும்பப் பிடுங்கக்கூடிய டிஜிட்டல் பொருளை விற்கும்போது, இது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்ற பட்டனைப் போடக்கூடாது. பிடுங்குவதைத் தடை செய்யவில்லை, பிடுங்குவேன் என்று சொல்லிவிட்டுப் பிடுங்கச் சொல்கிறது. அதுவே முன்னேற்றம். எம்பி3 போன்ற சாதாரண ஃபைலாக இறக்கித் தரும் விற்பனையாளர் கிடைத்தால், கொஞ்சம் விலை கூடினாலும் நான் அங்கேதான் போவேன்.

வெளியே வர வேண்டுமென்றால்

சேருவதற்கு முன்பே, எப்படி விலகுவது என்று தேடிப் படியுங்கள். அமேசான் பிரைமிலிருந்து விலகும் வழிக்கு நிறுவனத்துக்குள்ளேயே வைத்திருந்த பெயர் ‘இலியட்’, ஹோமரின் நீண்ட போர்க் காவியம். நான்கு பக்கம், ஆறு கிளிக், பதினைந்து தெரிவுகள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-இல் தொடுத்த வழக்கில் எண்ணிக் காட்டியது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. எந்தக் குறும்புக்காரர் அந்தப் பெயரை வைத்தாரோ, அவர் மேல் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு.

இலவசச் சோதனைக் காலம் என்றால் சேர்ந்த அன்றே ரத்து செய்யுங்கள். பெரும்பாலான சேவைகள் காலம் முடியும்வரை விட்டுவைக்கும். ரத்தானதைக் காட்டும் கடைசித் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

அபராதச் செய்தி வந்தால்

தலைப்பில் கோடிகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அந்தத் தொகையை நிறுவனத்தின் வருட வருமானத்தால் வகுத்து 365-ஆல் பெருக்குங்கள், எத்தனை நாள் வரவு என்று வரும். 2019-இல் ஃபேஸ்புக்குக்கு விதித்த 500 கோடி டாலர் அன்றைக்குச் சாதனை அபராதம். அதற்கு முந்தைய வருட வருமானம் சுமார் 5,580 கோடி டாலர். ஆக, ஒரு மாத வரவு. அபராதச் செய்தி கசிந்த அன்று அவர்கள் பங்கு விலை ஏறியது.

தொகையைவிட, கூடவே எதை மாற்றச் சொன்னார்கள் என்று பாருங்கள். 2022 ஜனவரியில் பிரான்ஸின் தனியுரிமை ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ என்று விதித்தது. குற்றம், இணையத்தில் உங்களைப் பின்தொடர உதவும் குக்கீ என்ற சிறு ஃபைலை ஏற்க ஒரு கிளிக், மறுக்கப் பல கிளிக். அந்தக் காசு அவர்களுக்குச் சில்லறை. ஆனால் சில மாதத்தில் ஐரோப்பாவில் கூகுளின் பெட்டியில் ‘எல்லாவற்றையும் நிராகரி’ பட்டன் முளைத்தது.

நீங்களே மெயில் அனுப்ப வேண்டுமென்றால்

ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தகவல் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 முதல் அமலில் இருக்கிறது. அதன் 15-வது பிரிவின்படி உங்களைப் பற்றி வைத்திருப்பதைக் கேட்டால் ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், சிக்கலான விஷயமென்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். வேறு பல நாடுகளிலும் இதுபோன்ற சட்டங்கள் உண்டு. பெரிய நிறுவனங்கள் பல, ‘உங்கள் தகவலைப் பதிவிறக்குங்கள்’ என்ற வசதியை எல்லாருக்குமே வைத்திருக்கின்றன. அது இல்லாத இடத்தில் தனியுரிமைக் கொள்கையின் அடியில் இருக்கும் முகவரிக்கு எழுதுங்கள். அறிவிப்பு வந்த ‘நோ ரிப்ளை’ முகவரிக்கு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நீட்டி முழக்காமல் இவ்வளவு போதும்: “என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் தகவல்கள், அவை எங்கிருந்து வந்தன, யாருக்குக் கொடுத்தீர்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் ஆகியவற்றைத் தரவும். இந்தக் கோரிக்கை கிடைத்த தேதியை உறுதிப்படுத்தவும்.” கோபம் வேண்டாம், அடைமொழி வேண்டாம். உங்கள் நாட்டுச் சட்டத்தின் பெயர் தெரிந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வருவது பெரும்பாலும் ஒரு ஜிப் ஃபைலாக இருக்கும், உள்ளே ஏகப்பட்ட ஃபோல்டர்கள். பழைய உரையாடல்களில் போய் உட்கார்ந்துவிடாதீர்கள், பொழுது விடிந்துவிடும். விளம்பரம் பற்றிய ஃபோல்டரை முதலில் திறங்கள். உங்களுக்கு எதில் ஆர்வம் என்று அவர்கள் ஊகித்த பட்டியல் இருக்கும், பாதி சிரிப்பாகவும் பாதி சங்கடமாகவும். சில தளங்களில், உங்கள் முகவரியை வைத்திருக்கும் விளம்பரதாரர்களின் பட்டியலும் இருக்கும். நீங்கள் கேள்வியே படாத பெயர்கள் அதில் வரும். அடுத்த மெயிலை அவர்களில் ஒருவருக்கு எழுதுங்கள்.