மலிவு விலையில் கிறிஸ்தவ ஆலோசனைப் பட்டம்: பணம் கட்டுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத் தமிழ்ச் சபைகளின் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் இந்த மாதிரி விளம்பரத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. ‘கிறிஸ்தவ ஆலோசனையில் முதுகலைப் பட்டம், ஆறே மாதம், வீட்டிலிருந்தே படிக்கலாம், அமெரிக்கச் சான்றிதழ், தவணை வசதி உண்டு.’ கீழே அங்கியும் தொப்பியும் அணிந்து சிலர் நிற்கும் படம். அதில் ஒருவர் நமக்குத் தெரிந்த மூப்பராக இருந்துவிட்டால் போதும், விசாரிக்க வேண்டும் என்ற எண்ணமே வராது.

படிக்க ஆசைப்படுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. புருஷன் குடிக்கிறான், பிள்ளை பள்ளிக்கூடம் போக மறுக்கிறது, உரிமம் இல்லாத வட்டிக்காரன் ஆலோங்கிடம் வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறது என்று நம் குடும்பங்கள் முதலில் தேடி வருவது போதகரையோ அவர் மனைவியையோதான். வருகிறவர்களுக்கு உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும் என்பது நல்ல எண்ணம். அந்த எண்ணத்தோடு போய்ப் பணம் கட்டும் இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

எதற்கு இந்தப் பட்டம் என்று தீர்மானிக்காமல் சேருவதுதான் பெரிய தவறு. சபைக்குள் ஊழியம் செய்ய, வேதத்தோடு சேர்த்து மனித மனத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள என்றால் ஒரு கணக்கு. வெளியே ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்ட, பள்ளியிலோ மருத்துவமனையிலோ வேலை தேட, கட்டணம் வாங்க என்றால் முற்றிலும் வேறு கணக்கு. மலேசியாவில் இதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம், சட்டம் 580. அதன்படி மலேசிய ஆலோசகர் வாரியத்தில், அதாவது லெம்பாகா கவுன்சலோரில், பதிந்து தொழில் புரியும் சான்றிதழும் வைத்திருப்பவர்தான் தன்னைக் கவுன்சலர் என்று சொல்லிக்கொண்டு தொழில் செய்யலாம். மீறினால் குற்றம். பெயருக்குப் பின்னால் சிலர் ‘கே.பி., பி.ஏ.’ என்று போடுகிறார்களே, அதில் பி.ஏ. என்பது நம் ஊர் இளங்கலைப் பட்டம் இல்லை. பதிவு பெற்று, தொழில் சான்றிதழும் வைத்திருக்கிறார் என்று காட்டும் மலாய்ச் சுருக்கம்.

ஆறு மாதத்து முதுகலைப் பட்டத்தை அந்த வாரியத்திடம் கொண்டுபோனால் பதிவு கிடைக்கும் என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தரமாட்டார்கள்.

அடுத்தது, ‘அங்கீகாரம் பெற்றது’ என்ற வார்த்தையைப் பார்த்ததும் நிம்மதி அடைவது. யார் கொடுத்த அங்கீகாரம்? இங்கே மூன்று விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். அமெரிக்காவில், ஃபுளோரிடா போன்ற சில மாநிலங்களில், மதக் கல்லூரிகள் அரசு உரிமம் இல்லாமலே மதம் சார்ந்த பட்டங்கள் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அது ஒரு விலக்கு, அவ்வளவே. தரத்தைச் சோதித்துப் பார்த்தார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. விளம்பரத்திலோ அது ‘மாநில அரசின் அங்கீகாரம்’ என்று உருமாறிவிடும். இரண்டாவது, அங்கீகாரம் கொடுப்பதாகச் சொல்லும் அமைப்பையே சிலர் தாங்களாக உருவாக்கிவிடுகிறார்கள். கல்லூரியும் அவர்களுடையது, முத்திரையும் அவர்களுடையது. அமெரிக்கக் கல்வித் துறையோ அங்குள்ள உயர்கல்வி அங்கீகார மன்றமோ ஏற்றுக்கொண்ட அமைப்பா என்று பார்க்க வேண்டும். இணையத்தில் சில நிமிட வேலை.

மூன்றாவது கொஞ்சம் நுணுக்கமானது. ஆசிய இறையியல் சங்கம், தென்கிழக்கு ஆசிய இறையியல் கல்விச் சங்கம் ஆகியவை உண்மையானவை, மதிப்புள்ளவை. சிரம்பானில் உள்ள மலேசிய இறையியல் செமினாரி போன்ற இடங்களில் ஒழுங்காகப் படித்த பட்டம் சபை உலகத்தில் செல்லும். ஆனால் இறையியல் அங்கீகாரம் வேறு, மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ.வின் அங்கீகாரம் வேறு, ஆலோசகர் வாரியத்தின் ஏற்பு வேறு. ஒன்று இருந்தால் மற்ற இரண்டும் தானாக வந்துவிடாது. எம்.கியூ.ஏ. ஏற்ற படிப்புகளின் பதிவேட்டை யாரும் இணையத்தில் பார்க்கலாம்.

பெயரில் ஏமாறுவதும் உண்டு. 2019-இல் ஒரு துணை அமைச்சரின் பட்டம் நாடு முழுக்கப் பேச்சானது நினைவிருக்கும். பட்டம் கொடுத்த நிறுவனத்தின் பெயரில் கேம்பிரிட்ஜ் இருந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, கட்டணம். ஆயிரம் இரண்டாயிரம் வெள்ளிதானே, போனால் போகட்டும் என்பார்கள். எனக்குக் கவலை அந்தப் பணத்தைப் பற்றி இல்லை. ஆலோசனைப் படிப்பின் உயிர் பாடப்புத்தகத்தில் கிடையாது, மேற்பார்வையில் இருக்கிறது. அனுபவமுள்ள ஒருவர் கண்காணிக்க, உண்மையான ஆட்களோடு உட்கார்ந்து பேசி, ‘இங்கே நீ அவசரப்பட்டுத் தீர்ப்பு சொன்னாய்’ என்று திருத்தம் வாங்கும் மணிநேரங்கள். மலாயாப் பல்கலைக்கழகம், புத்ரா பல்கலைக்கழகம் போன்றவற்றின் ஆலோசனைப் படிப்புகளில் இந்தக் களப்பயிற்சி கட்டாயம். மலிவுப் படிப்பில் முதலில் வெட்டப்படுவது இதுதான், ஏனென்றால் செலவு அதில்தான். அதற்குப் பதில் பத்துப் பக்கக் கட்டுரை ஒன்று எழுதி மின்னஞ்சலில் அனுப்பினால் போதும்.

அப்படிப் பட்டம் வாங்கியவரிடம் அடிபட்ட ஒரு பெண் வந்து உட்காருகிறாள் என்று வையுங்கள். அவர் ஜெபித்துவிட்டு, ‘கொஞ்சம் பொறுத்துப் போம்மா, புருஷன் மனம் திரும்புவார்’ என்று அனுப்புகிறார். 1994-லேயே குடும்ப வன்முறைச் சட்டம் வந்த நாடு இது. பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் உதவி மையம் உண்டு, தாலியான் காசே (Talian Kasih) என்ற அரசு உதவி எண் 15999-ஐ அழைக்கலாம் என்பது அவருக்குத் தெரிய வேண்டாமா? சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒரு வாலிபன் சொன்னால், இரவோடு இரவாக யாரிடம் அனுப்புவது? தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டப் பிரிவை 2023-இல்தான் நீக்கினார்கள். இனி இதைத் துணிந்து வாய் திறந்து சொல்பவர்கள் கூடலாம். தன்னால் முடியாத இடம் எது என்று கண்டுகொள்வதையும் அந்த மேற்பார்வைதான் கற்றுக்கொடுக்கிறது. பட்டம் இல்லாத போதகராவது, ‘இது என் கைக்கு மீறியது, ஆஸ்பத்திரிக்குப் போவோம்’ என்பார். சுவரில் சட்டம் போட்ட பட்டம் தொங்கினால் அப்படிச் சொல்லக் கூச்சம் வந்துவிடும்.

முனைவர் பட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருடத்தில் கிடைக்கும் ‘டாக்டர்’ சபை அழைப்பிதழில் அழகாக இருக்கும். வேறு எங்காவது ஆராய்ச்சி ஏட்டைக் கேட்டால் சிக்கல்.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது. அங்கீகாரம் இல்லாததெல்லாம் மோசடி என்று ஒதுக்கித் தள்ளுவது. நல்ல ஆசிரியர்கள் குறைந்த கட்டணத்தில் நடத்தும் சான்றிதழ் வகுப்புகள் உண்டு. பட்டம் என்று பீற்றிக்கொள்ளாமல், ‘இது சபைப் பணியாளருக்கான பயிற்சி, உரிமத்துக்கு ஆகாது’ என்று அவர்களே முதலில் சொல்லிவிடுவார்கள். அந்த நேர்மையை நான் பெரிதாக மதிப்பேன். துக்கத்தில் இருப்பவரோடு எப்படிப் பேசுவது, எப்படிக் காது கொடுத்துக் கேட்பது என்பதற்கு அதுவே போதும்.

ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மோடு படிப்பை விட்டவர்களுக்கு ஒன்று. ‘வாழ்க்கை அனுபவத்துக்கே பட்டம்’ என்ற விளம்பரத்தில் மயங்குவதற்கு முன்னால் எம்.கியூ.ஏ.வின் ஏப்பல்-ஏ (APEL.A) என்ற நுழைவுத் திட்டத்தை விசாரியுங்கள். வேலை அனுபவத்தை மதிப்பிட்டு உயர்கல்விக்குள் நுழைய வழிவிடும் முறையான ஏற்பாடு அது. பட்டத்தைத் தூக்கிக் கொடுத்துவிடாது, படித்துத்தான் வாங்க வேண்டும். ஆலோசகராகப் பதிய நினைப்பவர்கள், ஏப்பல் வழியாக நுழைந்து முடிக்கும் குறிப்பிட்ட படிப்பை வாரியம் ஏற்குமா என்று சேருமுன்பே மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.

கல்லூரிக்காரரிடமும் கேளுங்கள்: மேற்பார்வையோடு எத்தனை மணிநேரக் களப்பயிற்சி, மேற்பார்வையாளர் வாரியத்தில் பதிந்தவரா, இங்கே எடுத்த பாடங்களை வேறு எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும், இடையில் விலகினால் பணம் திரும்புமா. இவற்றுக்குப் பதில் சொல்லாமல் பட்டமளிப்பு விழா நடக்கும் ஓட்டலின் பெயரைச் சொன்னால், முன்பணத்தைக் கொடுக்காதீர்கள்.