அனிமேயை நடிகர்களை வைத்து எடுப்பது எப்படி?

அனிமேயை, அதாவது ஜப்பானியக் கார்ட்டூனை, நிஜ நடிகர்களை வைத்து லைவ் ஆக்‌ஷனாக எடுத்தால் தேறுமா? இரண்டு பக்கத்துக்கும் சாட்சி உண்டு. நெட்ஃபிளிக்ஸில் ‘கௌபாய் பீபாப்’ 2021 நவம்பர் 19 அன்று வந்தது; மூன்று வாரம் முடிவதற்குள் ரத்தானது. 2023 ஆகஸ்டில் வந்த ‘ஒன் பீஸ்’ அடுத்த சீசனுக்குப் போனது. இரண்டையும் எடுத்தது டுமாரோ ஸ்டுடியோஸ்தான். திரைக்கதை மேசையில் எடுத்த முடிவுகள்தான் வேறு.

அதனால் நடிகர் தேர்வுக்கும் முன்னால் நீளத்தைக் கணக்குப் போடுங்கள். ‘டெத் நோட்’ மாங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்) 108 அத்தியாயம், அனிமே 37 எபிசோட். ஜப்பானில் 2006இல் அதை இரண்டு படங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கொடுத்தார்கள். 2017 அமெரிக்கப் படம் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்கப் பார்த்தது. பெயர் எழுதினாலே ஆளைக் கொல்லும் நோட்டு கிடைத்த லைட்டும், அவனைத் தேடும் துப்பறிவாளன் எல்லும் ஒருவரையொருவர் மோப்பம் பிடிப்பதுதான் அந்தக் கதையே. அதற்குத்தான் அங்கே நேரம் இல்லை.

இழுத்தாலும் கெடும். ‘பீபாப்’ அனிமே 26 எபிசோட், ஒவ்வொன்றும் 24 நிமிடம். அதில் வில்லன் விஷியஸ் தலைகாட்டுவது ஐந்தே எபிசோடில். ரீமேக் அவனையும் நாயகனின் பழைய காதலி ஜூலியாவையும் சீசன் முழுக்கக் கூட்டிவந்தது. எப்போதாவது வருவதால்தான் அவன்மேல் பயம் இருந்தது. எபிசோட் தவறாமல் வந்து உட்கார்ந்தால் சாதாரண வில்லன்.

எதை வெட்டுவது? மூலக்கதையின் கிளைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் நாயகனிடம் எதை மாற்றுகிறது என்று பக்கத்தில் ஒரு வரி போடுங்கள். வரி வராத கிளையில் கத்தரி வைக்கலாம். ‘ஒன் பீஸ்’ முதல் சீசன் மாங்காவின் சுமார் 95 அத்தியாயங்களை 8 எபிசோடில் அடக்கியது. பராட்டியே உணவகத்தைத் தாக்கும் டான் கிரீக் மாங்காவில் பெரிய வில்லன். தொடரிலோ வாள்வீரன் மிஹாக் கையால் சில நிமிடத்தில் காலி. மிச்சமான நேரம் நாயகனின் கூட்டாளி சோரோவும் மிஹாக்கும் மோதும் இடத்துக்குப் போனது. இவ்வளவு வெட்டினால் தீவுக் கதைகள் தனித்தனியாக உதிரும். அவற்றைக் கோக்கத்தான் கடற்படை அதிகாரி கார்ப்பை முன்னால் இழுத்தார்கள். அவர் நாயகன் லூஃபியின் தாத்தா என்பது மாங்காவில் 400 அத்தியாயங்களுக்குப் பிறகே தெரியவரும். தொடரில் முதல் சீசனிலேயே பேரனைத் துரத்துகிறார். மூலத்தை மீறிய மாற்றம்தான், ஆனால் வேலை செய்கிற மாற்றம்.

அடுத்தது அசையாமை. ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். டிவி அனிமேயில் ஒரே ஓவியத்தை மூன்று ஃபிரேமுக்கு நிறுத்தி, நொடிக்கு எட்டு ஓவியங்களில் சமாளிப்பது வழக்கம். காசு மிச்சம் பிடிக்க வந்த பழக்கம் இது. பாத்திரம் சிலையாக நிற்க, மனக்குரல் மட்டும் ஓடும். ஓவியத்தில் அது கம்பீரம். நடிகர் அப்படி நின்றால் பத்தாவது நொடியில் பார்க்கிறவர் நெளிவார். மனக்குரலைக் கைவேலையாக மாற்றுங்கள். கண்காணிப்பு கேமராக்களுக்கு நடுவே லைட் சிப்ஸ் பாக்கெட்டுக்குள் குட்டி டிவியை ஒளித்துவைத்து, சிப்ஸ் எடுக்கும் சாக்கில் பெயர் எழுதுகிறானே, அந்தக் காட்சி நடிகரை வைத்து எடுத்தபோதும் தாங்கியது. காரணம், கைக்கு வேலை இருக்கிறது.

முடிக்கும் உடைக்கும் வருவோம். ஆயிரக்கணக்கான முறை வரைய வேண்டியிருப்பதால் அனிமே உடையில் தையலோ சுருக்கமோ இருக்காது. அதை அப்படியே தைத்தால் மாறுவேடப் போட்டிதான். துணியைத் துவைத்து, முட்டியிலும் காலரிலும் உப்புத்தாளால் தேய்த்து, டீத் தண்ணீரில் முக்கிப் பழசாக்க வேண்டும். செயற்கை இழை விக் விளக்கில் பளபளக்கும். பவுடர் தூவி மட்டுப்படுத்துங்கள். நெற்றி ஓரத்துக்கு மெல்லிய வலையில் முடி கோத்த விக்தான் சரி. சோதனையைக் கண்ணால் செய்யாதீர்கள். படப்பிடிப்புக்கான அதே கேமராவில், அதே லென்ஸில், காற்றடிக்கும்போதும் நனைந்தபின்பும் எடுத்துப் பாருங்கள். வாள்வீரன் கதையான ‘ரூரோனி கென்ஷின்’ படங்களில் நாயகனின் சிவப்பு முடி பழுப்போடு கலந்துதான் வரும். ‘ஒன் பீஸ்’ கூட்டாளி உசோப்பின் நீள மூக்கைக் கைவிட்டது, லூஃபியின் வைக்கோல் தொப்பியைத் தொடவில்லை. எது அடையாளம், எது அலங்காரம் என்ற முடிவு அது.

முகத்தையே மாற்றுவதானால் ‘அலிடா’ (2019) நல்ல பாடம். முதல் டிரைலரில் நாயகிக்குக் கம்ப்யூட்டரில் வைத்த பெரிய கண்கள் பலரையும் உறுத்தின. கண்ணைச் சிறிதாக்குவதுதான் யாருக்கும் தோன்றும் வைத்தியம். அவர்கள் கருவிழியைப் பெரிதாக்கி, சுற்றியிருந்த வெள்ளையைக் குறைத்தார்கள். உறுத்தல் பெருமளவு அடங்கியது.

சண்டையில் கம்ப்யூட்டரைக் கடைசியாகக் கூப்பிடுங்கள். கென்ஷின் படங்களின் சண்டை இயக்குநர் கென்ஜி தனிகாகி ஹாங்காங் சினிமாவில் தொழில் பழகியவர். நாயகன் டகேரு சாட்டோ உடம்பைத் தரையோடு தாழ்த்தி ஓடி, சறுக்கித் திரும்பி வெட்டுவார். மாங்காவின் வேகக் கோடுகள் செய்த வேலையை அந்தச் சாய்வு செய்கிறது. 2012 முதல் 2021 வரை ஐந்து படங்கள் அந்தப் பாணியில் ஓடின.

மூல ஆசிரியரின் பெயர் டைட்டிலில் வந்தால் போதாது, மறுக்கும் உரிமையும் அவரிடம் இருக்க வேண்டும். தனக்குத் திருப்தி வரும்வரை தொடரை வெளியிடுவதில்லை என்று நெட்ஃபிளிக்ஸ் ஒப்புக்கொண்டதாக ‘ஒன் பீஸ்’ மாங்காவை வரைந்த எயிச்சிரோ ஓடா வெளிப்படையாகவே எழுதினார். அப்படி ஒரு வரியை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

முழுப் படப்பிடிப்புக்கு முன் மூன்று நிமிடச் சோதனைக் காட்சி ஒன்று எடுங்கள். சண்டைக் காட்சி வேண்டாம், அதில் எல்லாக் குறையும் மறைந்துவிடும். முழு வேஷத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பேசட்டும். மூலத்தைப் படிக்காத ஐந்து பேருக்கு அதைப் போட்டுக் காட்டி, எங்கே சிரிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வந்தால் முதலில் விக்கைப் பாருங்கள், அப்புறம் வசனத்தை.