குளிக்கும் கடல்நீரைப் பரிசோதிக்கையில் விடும் பிழைகள்

கொழும்புக் கரையோரத்தில், கல்கிசையிலோ வெள்ளவத்தையிலோ கடலில் இறங்கலாமா என்று நீரைப் பரிசோதிப்பவர்கள் ஆய்வுகூடத்தில் பிழை விடுவது குறைவு. போத்தலை எந்த நாளில், எந்த இடத்தில் அமிழ்த்துகிறார்கள் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

நல்ல நாளாகப் பார்த்துப் போவது முதல் பிழை. மழை ஓய்ந்து வெயில் எறிக்கும் நண்பகலில் எடுத்தால் பக்ரீரியா எண்ணிக்கை குறைவாகத்தான் வரும். புறஊதாக் கதிர் குடல் பக்ரீரியாவை வேகமாகக் கொன்றுவிடும். வைரஸ்கள் பல அதைவிட அதிகம் தாக்குப்பிடிக்கும். அதனால் காலையிலேயே எடுங்கள். பெருமழையில் வெள்ளவத்தை, தெகிவளைக் கால்வாய்கள் நகரத்து அழுக்கையெல்லாம் கடலில் கொண்டுவந்து கொட்டும். அந்த நாள்களைத் தவிர்த்த பட்டியலை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

அடுத்தது சராசரி. 20 மாதிரிகளில் 18 இல் 100 மில்லிலீற்றருக்கு 20 என்டெரோகொக்கஸ் (மலம் கலந்ததைக் காட்டும் குடல் பக்ரீரியா), மழைநாள் இரண்டில் 1500 என்று வையுங்கள். சராசரி 168. பரவாயில்லை போலத் தோன்றும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் பார்ப்பது 95ஆவது சதமானத்தை, அதாவது மாதிரிகளில் 95 சதவீதம் எந்த எண்ணுக்குள் அடங்கும் என்பதை. இங்கே அது 1500. நீரைத் தரம் பிரிக்க அந்த நிறுவனம் வைத்த எல்லைகள் 40, 200, 500. ஐந்நூறைத் தாண்டினால் ஒருமுறை குளிப்பவருக்கு வயிற்றுநோய் வரும் வாய்ப்பு 10 சதவீதத்துக்கும் மேல். இந்த எல்லைகளும் பிரித்தானியக் கடற்கரைகளில் ஆரோக்கியமான பெரியவர்களை வைத்துக் கணித்தவை. குளிக்கையில் அதிகம் நீர் விழுங்கும் பிள்ளைகளுக்கு இன்னும் இறுக்கமாகப் பாருங்கள்.

கடலில் ஈ.கோலை என்னும் இன்னொரு குடல் பக்ரீரியாவை மட்டும் எண்ணுவதும் சரியல்ல. உப்புநீரில் அது சீக்கிரம் செத்துவிடும், என்டெரோகொக்கஸ் நின்றுபிடிக்கும்.

மாதிரி எடுக்கும் கை வேலையில் கவனம் தேவை. இடுப்பளவு நீரில், காலால் கிளறிய மணல் அடங்கியபின், நீரோட்டத்தை எதிர்நோக்கி நில்லுங்கள். ஈரமணலிலேயே இந்தப் பக்ரீரியா தங்கியிருப்பதால் கலங்கல் நீர் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும். கிருமிநீக்கிய போத்தலைக் கவிழ்த்தபடி சுமார் 30 சென்ரிமீற்றர் ஆழம் இறக்கி, அங்கே திருப்பி நிரப்புங்கள். குலுக்குவதற்கு மேலே கொஞ்சம் இடம் விடுங்கள். உறையவிடாமல் ஐஸ் பெட்டியில், வெளிச்சம் படாமல், 6 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் சேர்க்க வேண்டும். காலி வீதி நெரிசலையும் கணக்கில் எடுத்துப் புறப்படுங்கள்.

எண் நன்றாக இருப்பதால் எல்லா நோயும் விலகிவிட்டது என்று எண்ணுவது ஆபத்து. களனி கங்கையில் குளிப்பவருக்கு எலிக்காய்ச்சல் வருமா என்பதை இந்தப் பரிசோதனை சொல்லாது. அது எலி, மாடு போன்றவற்றின் சிறுநீரால் வருவது. கரையோரம் நடந்து குழாய் வாய்கள், மலசலகூடங்கள், நாய்க்கூட்டம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளாத மதிப்பீடு பாதி மதிப்பீடுதான்.

பக்ரீரியாவை வளர்த்து எண்ணும் முறையில் முடிவு வர ஒரு நாளாவது ஆகும். கையில் கிடைப்பது நேற்றைய நீரின் கணக்கு. ஆகவே எச்சரிக்கைப் பலகையை மழையைப் பார்த்தே வையுங்கள்: கனமழைக்குப் பின் குறைந்தது இரண்டு நாள், கால்வாய் வாய்களின் இரு பக்கமும்.