கிட்டாரும் குரலும் மட்டும் இருந்த பாட்டுக்கு டிரம்ஸ் சேர்க்கும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த வருடம் மட்டும் மூன்று பேர் என் ரெக்கார்டிங் அறைக்கு வந்து, போனை நீட்டி, ஒரே ஆல்பத்தைப் போட்டுக் காட்டி, "அண்ணா, இந்த மாதிரி வேணும்" என்றார்கள். மூவருமே முதல் ஆல்பத்தை வீட்டில் தனியாக உட்கார்ந்து ஒற்றைக் கிட்டாரில் பாடிப் போட்டவர்கள். குடி, பிரிவு, அப்பாவோடு சண்டை, தூங்காத இரவு என்று தன் காயத்தைத் தானே பிரித்துக் காட்டும் வகைப் பாட்டு. இரண்டாவது ஆல்பத்துக்கு 'பெருசா' ஒரு சவுண்ட் வேண்டும். மூவரும் நான் ஒன்பது வருடம் முன்பு செய்த அதே தவறுகளை, கிட்டத்தட்ட அதே வரிசையில் செய்தார்கள். மூன்றாவது ஆள் வந்தபோது பொறுக்கவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கிட்டாரை டியூன் செய்யுங்கள், ஃபைலுக்கு ஒழுங்காகப் பெயர் வையுங்கள், பேக்கப் எடுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் ஒருமுறை பட்டால் தானே வந்துவிடும்.

அவர்கள் காட்டியது ஜூலியன் பேக்கரின் 'லிட்டில் ஆப்ளிவியன்ஸ்'. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துப் பாடகி. 2015இல் வந்த முதல் ஆல்பம் 'ஸ்ப்ரெய்ண்ட் ஆங்கிள்'. பெரும்பாலும் எலெக்ட்ரிக் கிட்டாரும் குரலும்தான், டிரம்ஸுக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. 2017இல் வந்த இரண்டாவதில் பியானோவும் வயலின்களும் சேர்ந்தன. 2021 பிப்ரவரியில் வந்த இந்த மூன்றாவதில்தான் டிரம்ஸ், பேஸ், சின்தசைசர், பாஞ்சோ என்று முழு இசைக்குழுவின் கனம். மெம்ஃபிஸ் நகரில் 2019 டிசம்பரிலும் 2020 ஜனவரியிலுமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். போதை, நம்பிக்கை, மறுபடி சறுக்கி விழுவது என்று விஷயம் பழையதுதான். சத்தம்தான் புதிது.

இதைக் கேட்டுவிட்டு எல்லோரும் எடுக்கும் முடிவு: பழைய மாதிரியே பாட்டு எழுதி, பழைய மாதிரியே பாடி, மேலே டிரம்ஸ் போட்டால் போதும். இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்லப்போகிறேன்.

வீட்டில் பாடிய குரலையே வைத்துக்கொள்வது

என் பணத்தைத் தின்ற தவறு இது. இன்றைக்கும் யாராவது செய்வதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

நடப்பது இப்படித்தான். ராத்திரி பதினொரு மணிக்கு, யாரையும் எழுப்பாமல், மைக்குக்கு இரண்டு விரல் தூரத்தில் வாயை வைத்து ஒரு பாட்டைப் பாடிப் பதிவு செய்கிறீர்கள். அது நன்றாகவே இருக்கும். நண்பருக்கு அனுப்புகிறீர்கள். "கண்ணுல தண்ணி வந்துருச்சு மச்சி" என்கிறார். முடிந்தது கதை. அந்த நிமிடத்திலிருந்து அந்த டேக் புனிதப் பொருள். அதைத் தொடக்கூடாது, அதைச் சுற்றித்தான் மற்றதையெல்லாம் கட்ட வேண்டும். 'அந்த டேக்லதான் உண்மை இருக்கு' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

முதல் அடி சுருதியில் விழும். ராத்திரி மெதுவாகப் பாடும்போது எந்தக் கட்டை வசதியோ அதில்தான் பாட்டை எழுதியிருப்பீர்கள். நான் எழுதியது மூணு கட்டையில். ரகசியம் சொல்வது போலப் பாட மூணு கட்டை சுகமாக இருந்தது. டிரம்ஸும் கரகரக்கும் இரண்டு டிஸ்டார்ஷன் கிட்டாரும் உள்ளே வந்த பிறகு, என் குரல் நின்றிருந்த அந்தத் தாழ்வான இடத்தில் மற்ற எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பல்லவி அஞ்சு கட்டைக்குப் போயிருந்தால் தொண்டையை இழுத்துப் பாடியாக வேண்டும். அந்த இழுப்புதான் டிரம்ஸுக்கு மேலே கேட்கும்.

இரண்டாவது அடி மைக்கில். வாயை ஒட்டி வைத்துப் பாடினால் பெரும்பாலான மைக்குகளில் குரலின் கீழ்ப்பகுதி தானாகத் தடிக்கும். தனியாகக் கேட்கும்போது அந்தத் தடிப்புதான் 'காதுக்குள்ளேயே பாடுறாங்க' என்ற உணர்வைத் தருகிறது. பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் வந்ததும் மிக்ஸில் (எல்லா ஒலிகளையும் சேர்த்துச் சமன் செய்யும்போது) முதலில் வெட்டுப்படுவதும் அதே தடிப்புதான், வேறு வழியில்லை. வெட்டிய பிறகு மிஞ்சுவது வெறும் காற்று. நண்பரை அழவைத்த குரல் ஈக்யூவில் வெட்டியதோடு போய்விட்டது.

சரி, சத்தத்தைக் கூட்டிவிடலாமே? கூட்டினேன். மெல்லிய குரலைக் கூட்டினால் பெரிய குரல் ஆகாது. சத்தமான மெல்லிய குரல்தான் ஆகும். மனிதர் குரலை உயர்த்திப் பாடும்போது ஒலியின் அளவு மட்டும் மாறுவதில்லை, நிறமே மாறுகிறது. 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் பலம் ஏறுகிறது. நம் காது மிகக் கூர்மையாக இருப்பதும் அங்கேதான். கூட்டத்தில் ஒருவர் கத்திக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறோமே, அது இதனால். பாடும்போது அது வராவிட்டால் சத்தம் கூட்டும் ஃபேடரைத் தள்ளிக் கொண்டுவர முடியாது.

அப்புறம் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரசரை இறுக்கினேன். குரல் கொஞ்சம் முன்னால் வந்தது. கூடவே மின்விசிறியும் முன்னால் வந்தது. மூன்றாவது பாட்டின் சரணத்தில் இரண்டு வரிகளுக்கு நடுவே பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் தெளிவாகக் கேட்கிறது. ஆல்பத்தில் இன்னும் இருக்கிறது. தெரிந்தவர்கள் அந்த இடம் வந்தால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

இது ஏன் இவ்வளவு செலவு வைக்கிறது என்றால், தவறு கடைசியில்தான் தெரியும். டிரம்ஸ் முடிந்து, பேஸ் முடிந்து, கீபோர்டு முடிந்து, மிக்ஸுக்கு உட்காரும்போதுதான் குரல் நிற்கவில்லை என்று புரியும். கட்டையை மாற்றலாம் என்றால் டிரம்ஸ் தவிர எல்லாவற்றையும் மறுபடி வாசிக்க வேண்டும். கணினியில் மூன்று அரைச்சுரம் தூக்கினால் கிட்டார் பொம்மை மாதிரி ஒலிக்கும். நான் நான்கு பாட்டுக்குப் பதினொரு நாள் வாடகை கொடுத்து மறுபடி வாசித்தேன். இரண்டு பாட்டுக்குக் காசு இல்லாமல் விட்டுவிட்டேன். குக்கர் விசில் அந்த இரண்டில் ஒன்று.

பேக்கரின் முதல் ஆல்பத்தை மறுபடி கேளுங்கள் என்று அந்த மூவரிடமும் சொன்னேன். கிட்டார் ஒன்றுதான், ஆனால் பாட்டு முடிவதற்குள் அந்தக் குரல் முணுமுணுப்பில் தொடங்கிக் கத்தல் வரை போய்விடும். அதற்கு முன்பே ராக் குழுவில் பாடிய ஆள் அவர். டிரம்ஸ் வருவதற்கு ஆறு வருடம் முன்பே அந்தத் தொண்டை டிரம்ஸுக்குத் தயாராக இருந்தது. மூன்றாவது ஆல்பத்தில் இசைதான் குரலின் உயரத்துக்கு வந்து சேர்ந்தது. நாம் செய்வது தலைகீழ்: இசையைத் தூக்கி நிறுத்திவிட்டுக் குரலைத் தரையிலேயே உட்கார வைத்திருக்கிறோம்.

என்ன செய்யலாம்? எதையும் பதிவு செய்யும் முன், ஏதாவது ஒரு டிரம் லூப்பை ஹெட்போனில் சத்தமாக வைத்துக்கொண்டு, நின்றபடி, பல்லவியை மூன்று வெவ்வேறு கட்டையில் பாடிப் பாருங்கள். உட்கார்ந்து பாடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்ற கவலை இல்லாத இடமாக இருக்கட்டும். கட்டையை அங்கே முடிவு செய்யுங்கள். வழிகாட்ட மட்டும் ஒரு பைலட் குரலைப் பாடி வைத்துவிட்டு டிரம்ஸும் பேஸும் எடுங்கள். இறுதிக் குரலை அவற்றைக் கேட்டுக்கொண்டே பாடுங்கள். அந்த ராத்திரி டேக்கைத் தூக்கிப் போட வேண்டாம். முதல் சரணத்தில் இசைக்குழு இன்னும் வராத இடம் இருக்கும், கட்டையும் ஒத்துவந்தால் அங்கே அது உட்காரலாம். மற்ற இடத்தில் வேண்டாம்.

ஒரு பையன் இதற்கு, "அண்ணா, கத்திப் பாடினா ஃபீல் போயிடும்" என்றான். கோபத்தில் கத்தியதே இல்லையா தம்பி என்று கேட்டேன்.

எல்லோரும் முதல் நொடியிலேயே வாசிப்பது

டிரம்மருக்குக் காசு கொடுத்தாயிற்று, அதனால் தொடக்கத்திலிருந்து கடைசி வரை வாசிக்க வைப்பது. பேக்கரின் அந்த ஆல்பம் 'ஹார்ட்லைன்' என்ற பாட்டில் தொடங்குகிறது. முதலில் உடைந்து கரகரக்கும் ஆர்கன் போன்ற ஒரு ஒலி, அதோடு குரல். டிரம்ஸ் காத்திருந்துதான் விழுகிறது. விழும்போது அறையின் சுவர் ஒன்று திறந்தது போல இருக்கும். கனம் என்பது முன்னால் கேட்டதோடு ஒப்பிட்டுக் காது போடும் கணக்கு. முன்னால் ஒன்றும் லேசாக இல்லையென்றால் பின்னால் எதுவும் கனமாக இருக்காது.

நான் ஒரு தாளில் பாட்டை எட்டு எட்டு பாராக, அதாவது எட்டு எட்டு தாளச் சுற்றாகக் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் யார் வாயை மூட வேண்டும் என்று முதலில் எழுதுவேன். யார் வாசிக்க வேண்டும் என்று எழுதினால் எல்லோர் பெயரும் வந்துவிடும்.

பழைய கிட்டாரை அப்படியே விடுவது

தனியாகப் பாடியபோது அந்தக் கிட்டார்தான் உங்களுக்குப் பேஸ், தாளம், ஸ்வரம் எல்லாம். கட்டை விரல் கீழ்த் தந்தியில் ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்திருக்கும். இப்போது பேஸ் வாசிக்க ஒரு ஆள் வந்துவிட்டார். இருவரும் ஒரே இடத்தில் மோதினால் கேட்பது சேறு. மேல் நான்கு தந்திகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது கேப்போ (கிட்டார் கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் கிளிப்) போட்டு மேலே போங்கள். வலிக்கும். உங்கள் பாட்டே கைவிட்டுப் போன மாதிரி இருக்கும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

இதே குடும்பத்து இன்னொரு வியாதி, டிஸ்டார்ஷன் கிட்டாரை எட்டு அடுக்கு போடுவது. ஒரே கிட்டாரை, ஒரே ஆம்ப் செட்டிங்கில், ஒரே கார்டை எட்டு முறை வாசித்தால் எட்டு மடங்கு கனம் வராது. அடியின் கூர்மைதான் மழுங்கும். இரண்டு போதும், இடது ஒன்று, வலது ஒன்று. கரகரப்பைக் கூட்டும் கெயினையும் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக வையுங்கள்.

கிளிக் (ஹெட்போனில் தாளம் தட்டும் ஒலி) இல்லாமல் தொடங்குவது

வேண்டாம்.

'எல்லாவற்றையும் நானே வாசிப்பேன்'

பேக்கர் அந்த ஆல்பத்தில் ஏறக்குறைய எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்தார் என்று எங்கேயோ படித்துவிட்டு வருகிறார்கள். உண்மைதான். அதே வரியில் இருக்கும் மற்ற பெயர்களை யாரும் படிப்பதில்லை. பதிவு செய்த எஞ்சினியர் கேல்வின் லாபர், மிக்ஸ் செய்தவர் கிரேக் சில்வி. வாசித்தது பெரும்பாலும் ஒருவர்தான், ஆனால் வேறு இரண்டு ஜோடிக் காதுகள் கேட்டிருக்கின்றன. நீங்களே எழுதி, நீங்களே வாசித்து, நீங்களே மிக்ஸ் செய்தால் 'இந்த டேக் சரியில்லை' என்று சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. என் குக்கர் விசிலை நான் நாற்பது முறையாவது கேட்டிருப்பேன். என் காதில் விழவே இல்லை. முதல்முறை கேட்ட என் தங்கைதான் சொன்னாள்.

வார்த்தை விழுங்கப்படுவது

இந்த வகைப் பாட்டில் ஒரு சொல் கேட்காமல் போனால் மெட்டு எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. கேட்பவர் வந்ததே நீங்கள் எதை ஒப்புக்கொள்ளப் போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ள. ஸ்னேர் டிரம்மின் அடி விழும் அதே நொடியில் 'ட்', 'ப்', 'த்' போன்ற வல்லின எழுத்து வந்தால் இரண்டில் ஒன்று தோற்கும், பெரும்பாலும் எழுத்துதான். முக்கியமான சொல்லை அடிக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ நகர்த்திப் பாடுங்கள். தனியாகப் பாடியபோது நீட்டி நீட்டிப் பேசிய வரிகளைப் பாதியாக வெட்டுங்கள். டிரம்ஸ் இருக்கும் பாட்டுக்குப் பாதிச் சொற்கள் போதும்.

ரிவர்பை (எதிரொலியை) வைத்துப் பெரிதாக்குவது

பெரிதாகாது. தூரமாகும்.

ஆல்பம் முழுக்கக் கனமாக்குவது

எல்லாப் பாட்டும் டிரம்ஸ் கேட்பதில்லை. 'லிட்டில் ஆப்ளிவியன்ஸ்' பன்னிரண்டு பாட்டில் 'சாங் இன் ஈ' கிட்டத்தட்டப் பியானோவும் குரலுமாகத்தான் இருக்கிறது. அதைச் சுற்றி அவ்வளவு சத்தம் இருப்பதால்தான் அது அப்படிக் குத்துகிறது.

இதில் எனக்குப் பிடித்த கதை அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுடையது. 1982 ஜனவரியில் நியூ ஜெர்சியில் தன் வீட்டில், நான்கு தட கேசட் மெஷினில் தனியாகப் பல பாடல்களைப் பதிவு செய்தார். இசைக்குழுவுக்குச் சொல்லித்தர வெறும் மாதிரி. குழுவோடு ஸ்டுடியோவில் முயன்று பார்த்தார்கள், அந்தப் பாடல்களில் பல நிற்கவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டே 'நெப்ராஸ்கா' என்ற பெயரில் அதே வருடம் செப்டம்பரில் வெளிவந்தது. அதே கேசட் காலத்தில் எழுதிய 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' குழுவோடு வாசித்தபோது எழுந்து நின்றது. 1984 ஆல்பத்தின் தலைப்பே அதுதான். பாட்டை எழுதியவர் ஒருவர், மெஷின் ஒன்று. எந்தப் பாட்டு எந்தப் பக்கம் போகும் என்பது வாசித்துப் பார்க்கும் வரை அவருக்கே தெரியவில்லை. அதனால் முதல் ஒத்திகையில் எல்லாப் பாட்டையும் இரண்டு விதமாகவும் போனில் பதிவு செய்து, இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள். அன்றைக்கே கேட்டால் டிரம்ஸ் உள்ளதுதான் ஜெயிக்கும்.

மாஸ்டரிங்கில் (வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலி வேலையில்) சத்தத்தை ஏற்றுவது

ஸ்பாட்டிஃபை எப்படியும் சாதாரணமாக ஒரே அளவுக்கு இறக்கிவிடும். நசுக்கியதுதான் மிச்சம்.

மூன்றாவதாக வந்த பெண் போன வாரம் ஐந்து பாட்டை அனுப்பினார். எல்லாம் மூணு கட்டை, எல்லாம் ராத்திரி டேக், ஒன்றில் காலிங் பெல் அடிக்கிறது. நல்லவேளை, டிரம்மரை இன்னும் கூப்பிடவில்லை. வியாழக்கிழமை மறுபடி வருகிறார். கேப்போவும் ஒரு ஃபிளாஸ்க் வெந்நீரும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.