காலி கோட்டைக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கைச் சுற்றுலாவில், தென்மேற்குக் கரையில் மதில் சூழ்ந்த பழைய ஊரான காலி கோட்டைக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு மணி நேரம்தான். காலையில் கொழும்பில் வேன் கிளம்பும். பெந்தோட்டையில் படகு, கொஸ்கொடையில் ஆமைக் குஞ்சுகள், ஹிக்கடுவையில் கடல் என்று நின்று நின்று கோட்டை வாசலை எட்டும்போது உச்சி வெயில். மதில் மேல் நிழல் என்ற பேச்சுக்கே இடமில்லை. பத்து நிமிடம் நடந்து, கலங்கரை விளக்கத்தின் முன் ஒரு படம் எடுத்து, ஒரு ஜூஸ் குடித்துவிட்டு மறுபடி வேன். இப்படிப் போய் வந்தவர்கள்தான் "அங்கே பெரிதாக ஒன்றும் இல்லையே" என்கிறார்கள். தப்பு ஊர் மேல் இல்லை, போன நேரத்தின் மேல்.

முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். கோட்டைக்குள் நுழையக் கட்டணம் கிடையாது, பூட்டும் நேரமும் கிடையாது. காலையில் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை, மாலையில் நாலரைக்குப் பிறகு, என்று இரண்டு தவணையாக நடந்தால் மதிலின் பெரும்பகுதியை நிதானமாகப் பார்த்துவிடலாம். கலங்கரை விளக்கம் இருக்கும் கிழக்குப் பக்கம் காலைக்கு. ட்ரைட்டன் கொத்தளமும் (மதிலிலிருந்து துருத்தி நிற்கும் காவல் மேடை) கொடிப்பாறையும் இருக்கும் தென்மேற்குப் பக்கம் மாலைக்கு. தங்க வசதிப்படாது, ஒரே நாளில் திரும்ப வேண்டும் என்றால் வேனை விட்டுவிட்டு அதிகாலை ரயிலைப் பிடிப்பதே மேல். கொழும்பு கோட்டை ரயில் நிலையத்திலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரம். வலது பக்கம் உட்கார்ந்தால் வழி நெடுகக் கடல் கூடவே வரும். காலி ரயில் நிலையத்திலிருந்து மதில் நடக்கும் தூரம்தான், ஆட்டோ தேவையில்லை.

அடுத்த தவறு, வாகனங்கள் போகும் பெரிய வாசல் வழியாகவே போய் அதன் வழியாகவே திரும்புவது. அது ஆங்கிலேயர் 1873இல் மதிலைத் திறந்து உண்டாக்கிய வழி. கோட்டையின் பழைய வாசல் துறைமுகப் பக்கம் இருக்கிறது. அதன் வெளிப்புறத்தில் சிங்கமும் ஒற்றைக் கொம்புக் குதிரையும் தாங்கும் ஆங்கில அரசச் சின்னம். அதைப் படம் பிடித்துக்கொண்டு நேரே நடந்து விடுகிறார்கள். உள்ளே போனதும் நின்று, திரும்பி, மேலே பாருங்கள். ஒல்லாந்த (டச்சு) கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம் தெரியும். இரண்டு பக்கமும் இரண்டு சிங்கங்கள், உச்சியில் ஒரு சேவல், கூடவே 1669 என்ற ஆண்டு ரோம எண்களில். ஒரே வாசலின் வெளிமுகத்தில் ஓர் ஆட்சி, உள்முகத்தில் இன்னொன்று. இந்த ஊரின் கதை முக்கால்வாசி அங்கேயே இருக்கிறது.

மீதிக் கதையும் தெரிந்திருந்தால் மதில் மேல் நடப்பது வேறு மாதிரி இருக்கும். போர்த்துக்கீசர் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே அரண் கட்டியபோது நிலப்பக்கம்தான் சுவர் எழுப்பினார்கள். 1640இல் ஊரைப் பிடித்த ஒல்லாந்தர் கடலுக்குள் நீண்டிருக்கும் இந்த முனை முழுவதையும் சுற்றி மதில் வளைத்து, கொத்தளங்களை அடுக்கினார்கள். நட்சத்திரம், சந்திரன், சூரியன் என்ற மூன்று பெரிய கொத்தளங்களும் வெளியே இருக்கும் நகரத்தைப் பார்த்தபடி அந்த நிலப்பக்கம்தான் நிற்கின்றன. கடற்பக்கம் மதில் அந்த அளவுக்கு உயரமில்லை. 1796இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

மணிக்கூண்டு நிற்கும் சந்திரக் கொத்தளத்திலிருந்து கீழே பார்த்தால் கிரிக்கெட் மைதானம் தெரியும். 2010 ஜூலை 22ஆம் தேதி முத்தையா முரளிதரன் தன் கடைசி டெஸ்டில், வீசிய கடைசிப் பந்தில், 800ஆவது விக்கெட்டை எடுத்தது அங்கேதான். பிரக்யான் ஓஜா அடித்த பந்தை மஹேல ஜயவர்தன பிடித்தார். அதே மைதானமும் பக்கத்துப் பேருந்து நிலையமும் 2004 டிசம்பர் 26 சுனாமியில் சிதைந்தன. கோட்டைக்குள் இருந்த ஊரைப் பெரும்பாலும் இந்த மதில் காப்பாற்றியது. உள்ளே மட்டும் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பிடிபடாது. வெளியே நகரத்துக்குள்ளும் ஒரு நடை போய் வாருங்கள். சோறும் கறியும் கோட்டைக்குள் சாப்பிடுவதைவிட அங்கே நல்ல மலிவு.

கவனமாக இருக்க வேண்டிய விஷயம் ஒன்று. மதிலின் விளிம்பில் பல இடங்களில் கைப்பிடியோ தடுப்போ கிடையாது. புல் தரை சட்டென்று முடியும், கீழே பாறை. செல்ஃபிக்காகப் பின்னால் நகராதீர்கள், குழந்தைகளின் கையை விடாதீர்கள். கொடிப்பாறையில் சில இளைஞர்கள் காசுக்காகப் பாறைகளுக்கு நடுவே கடலில் குதிப்பார்கள். எந்த இடத்தில் ஆழம், எந்த அலையில் குதிக்க வேண்டும் என்பது பழகிய அவர்களுக்குத் தெரியும். பார்த்துவிட்டு நாமும் குதிக்கலாம் என்று நினைப்பது உயிரோடு விளையாடுவது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் இன்னும் மோசமாக இருக்கும்.

எனக்கு மிகவும் உறுத்துவது, கோட்டையை ஒரு காட்சிக்கூடமாக நினைத்து நடந்துகொள்வது. இது ஜனங்கள் குடியிருக்கும் ஊர். பல வீடுகள் கைமாறி விடுதிகளாகவும் கஃபேக்களாகவும் ஆகிவிட்டன என்பது உண்மை. ஆனாலும் பெட்லர் தெரு, லெயின் பான் தெருப் பக்கம் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. வாசல் திண்ணை தெருவை ஒட்டியே இருப்பதால் திறந்த கதவுக்குள் எட்டிப் பார்ப்பது, திண்ணையில் ஏறி நின்று படம் எடுப்பது, துணி காயும் முற்றத்துக்குள் கேமராவை நீட்டுவது எல்லாம் நடக்கிறது. நம் வீட்டு வாசலில் யாராவது இப்படிச் செய்தால் சும்மா இருப்போமா? மதில் மேல் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் காதலர்களையும் படம் எடுக்காதீர்கள். வேறு தனிமை கிடைக்காமல்தான் அங்கே வருகிறார்கள்.

கலங்கரை விளக்கத்துக்கு எதிரே, கோபுரங்களோடு தேவாலயம் மாதிரியே தெரியும் வெள்ளைக் கட்டிடம் உண்மையில் மீரான் ஜும்மா பள்ளிவாசல். அரைக்கால் சட்டையோடு படியேறிப் போகக் கூடாது. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் சற்றுத் தள்ளியே நில்லுங்கள். இங்குள்ள முஸ்லிம் குடும்பங்களில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், மரியாதையாகப் பேச்சுக் கொடுத்தால் ஊரைப் பற்றி நிறையச் சொல்வார்கள். ஆனால் காலி சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் ஊர். எல்லோருக்கும் தமிழ் புரியும் என்று எதிர்பார்க்க முடியாது. 1755இல் கட்டிய ஒல்லாந்தத் தேவாலயத்தில் தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். மண்டையோடும் எலும்பும் செதுக்கிய கற்களைக் குனிந்து பாருங்கள், அவசரமாக மிதித்துக்கொண்டு போய்விடாதீர்கள். பௌத்த விகாரையில் புத்தருக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பது இலங்கை முழுவதும் அவமரியாதைதான்.

பயணத் தேதி முடிவு செய்யுமுன் போயா நாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பௌர்ணமி அன்று இலங்கையில் பொது விடுமுறை. மது விற்பனை இல்லை, ரயிலில் கூட்டம் நெரியும்.

அப்புறம் கடைகள். பழைய நாணயம், ஒல்லாந்தர் காலத் தட்டு, பித்தளை விளக்கு என்று காட்டுவார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட பொருளை அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. பொருள் போலியாக இருந்தால் பணம் நஷ்டம், அசலாக இருந்தால் விமான நிலையத்தில் சிக்கல். ஆமை ஓடு, பவளம் பக்கமே போகாதீர்கள். ரத்தினக் கற்களை யாரோ ஒரு ஆட்டோக்காரர் கூட்டிப்போகும் கடையில் வாங்குவதும் வேண்டாம். காலிப் பெண்கள் மரக்கட்டை உருளைகளில் நூல் சுற்றிப் பின்னும் பீரலு லேஸ் வாங்குங்கள். பின்னுகிறவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தால், அவரிடமே வாங்குங்கள்.

தமிழர்கள் செய்யும் ஒரு தனித் தவறும் உண்டு. காலியின் மும்மொழிக் கல்வெட்டைப் பற்றிப் படித்துவிட்டு அதைக் காலியில் தேடுவது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹவின் பயணத்தோடு வந்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் கல் அது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனைக் கோயிலின் தெய்வமான தேனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. 1911இல் காலி நகரில், சாக்கடை மூடியாகக் கிடந்த நிலையில் கண்டெடுத்தார்கள். இப்போது அது இருப்பது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். காலிக்கு ரயில் ஏறுவதற்கு முந்தைய நாளே அதைப் பார்த்துவிடுவது நல்லது. தமிழ்ப் பகுதி தேய்ந்திருக்கிறது, பக்கவாட்டில் வெளிச்சம் விழும் கோணத்தில் நின்றால் எழுத்துகள் கொஞ்சம் கண்ணுக்குப் பிடிபடும்.