காரிலிருந்து கரண்ட்: இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது வடசென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அதற்குப் பிறகு மின்சார கார் வாங்குகிற எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "கரண்ட் போனா வண்டியிலேர்ந்து வீட்டுக்கு எடுத்துக்கலாமா?" எடுக்கலாம். ஆனால் காரில் அதற்கான பிளக் வசதி இருக்க வேண்டும், எடுக்கிற விதம் தப்பினால் உயிரும் போகும்.

கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டில் ஆபத்தான ஒரு வயரைப் பார்த்தேன். இரண்டு முனையிலும் பின் வைத்த பிளக். ஒன்றை காரின் பவர் பாயின்ட்டிலும் இன்னொன்றைச் சுவர் பிளக்கிலும் செருகினால் வீடு முழுக்க வெளிச்சம் வரும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் முனையைச் செருகியதுமே மறுமுனையின் பித்தளைப் பின்களில் 230 வோல்ட் நிற்கும், குழந்தை கைபட்டால் போதும். மெயினை அணைக்க மறந்தால் அந்தக் கரண்ட் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வரைக்கும் போகலாம். 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தருகிற டிரான்ஸ்பார்மர், பின்பக்கமாக வரும் கரண்ட்டை அதேபோல ஏற்றிவிடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி மழையில் கம்பம் ஏறிய லைன்மேன் அந்தக் கம்பியில்தான் கை வைப்பார். தயவுசெய்து அந்த வயரை வெட்டிப் போடுங்கள். ஃபேனையோ ஃபிரிட்ஜையோ நேராக காரின் பிளக்கில் மாட்டினாலே போதும்.

அடுத்த தவறு, காரில் பிளக் இருந்தால் கிரிட்டுக்கும், அதாவது மின்வாரியத்தின் மின்கம்பி வலைக்கும், கரண்ட் விற்கலாம் என்று நினைப்பது. நெக்ஸான் இவி, அயோனிக் 5 போன்ற மின்சார கார்களில் இருக்கும் வசதி பொருள்களை ஓட்டுவதற்கு மட்டும். கிரிட்டுக்கு அனுப்ப, அதன் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 முறை) துடிப்போடு இம்மி பிசகாமல் சேர வேண்டும், லைன் போன நொடியில் தானே நின்றுவிடவும் வேண்டும். அதற்கு இருவழி சார்ஜர், ஒத்துழைக்கும் கார், வருவதையும் போவதையும் எண்ணும் மீட்டர், மின்வாரிய அனுமதி எல்லாம் தேவை. டென்மார்க்கில் 2016-லேயே நிசான் மின்சார வேன்களை வைத்து இதைச் செய்து காட்டினார்கள்.

சரி, இதெல்லாம் நம் வீட்டுக்கு வரும்வரை கிரிட்டுக்கு உதவ நம்மால் எதுவும் முடியாதா? முடியும். வேலை முடிந்து 7 மணிக்கு வந்ததும் சார்ஜ் போடுவதை நிறுத்தினாலே பெரிய உதவி. சூரிய மின்சாரம் அடங்கி, எல்லா வீட்டிலும் ஏசி ஓடத் தொடங்குகிற நேரம் அது. 3.3 கிலோவாட் சார்ஜர் ஒன்று கிட்டத்தட்ட இரண்டு ஏசிக்குச் சமம், ஒரே தெருவில் ஐம்பது கார் சேர்ந்தால் 165 கிலோவாட். அந்த நேரத்துச் சுமையில் பெரும்பங்கு நிலக்கரி மேல்தான் விழுகிறது. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிவதை எண்ணூர் மீனவர்களிடம் கேளுங்கள், சொல்வார்கள். டைமரை நள்ளிரவுக்கு மேல் வையுங்கள். பகலில் ஆபீசில் சார்ஜ் போட முடிந்தால் இன்னும் நல்லது.

காரிலிருந்து கரண்ட் எடுத்தால் பேட்டரி வீணாகிவிடும் என்ற பயம் பாதிதான் நியாயம். கொஞ்சம் எடுத்துக் கொஞ்சம் நிரப்புவதைவிட, 100 சதவீதம் ஏற்றி வெயிலில் நிறுத்தி வைப்பதுதான் அதைச் சீக்கிரம் கெடுக்கும்.

வெள்ளத் தண்ணீர் ஏறிய வண்டியை மட்டும் சர்வீஸ் சென்டர் சோதிக்கும்வரை தொடாதீர்கள். சார்ஜும் போடாதீர்கள், அதிலிருந்து கரண்ட்டும் எடுக்காதீர்கள்.